பசங்க கையில் கொத்துக்கரண்டி: கட்டுமானத் தொழிலை இளையவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பயிற்சி நாளை நடத்துவது எப்படி?

முதல் முறை நான் முப்பத்திரண்டு மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, கட்டட வேலை நடந்துகொண்டிருந்த ஒரு சைட்டுக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எடுத்துப்போன காப்பீட்டுப் பத்திரத்தின் முன்பக்கத்தில் 'பார்வையாளர்கள்' என்று இருந்தது. 18 வயது நிறையாதவர்கள் அதில் சேர மாட்டார்கள் என்று பின்பக்கத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள், அதுவும் கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் மட்டும். பொறியாளர் அரை மணி நேரம் பேசினார், திரும்பிவிட்டோம். பேருந்தில் ஒரு பையன் கேட்டான்: "சார், நாம எதையுமே தொடலையே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ஏழு முறை நடத்திவிட்டேன், எல்லாம் பயிற்சி நாள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பாடம். ஒரு கொத்தனாரின் வேலை என்னவென்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பேசிப் புரியவைக்க முடியாது. ஒரு சின்னச் சுவரை அடியிலிருந்து முடி வரை தானே எழுப்பி, அது நேராக நிற்கிறதா என்று தானே தூக்குகுண்டு (நூலில் தொங்கும் கனமான குண்டு) பிடித்துப் பார்த்தால்தான் புரியும். அப்படி ஒரு நாளை நடத்த நினைக்கும் ஆசிரியர், ஒப்பந்ததாரர், இளைஞர் மன்றக்காரர், பெற்றோர் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. ஆள் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யுங்கள்

பன்னிரண்டு பேர். முதல் முறைக்கு அதற்கு மேல் வேண்டாம். இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி, மூன்று ஜோடிக்கு ஒரு கொத்தனார், அவர்களோடு நீங்களும் இன்னொரு பெரியவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேரைச் சேர்த்தால் செய்பவர்கள் எட்டுப் பேர்தான் இருப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளி நிர்வாகம் "ஒரு வகுப்பையே கூட்டிப் போங்களேன்" என்று கேட்கும். அப்படிக் கேட்டால் மூன்று தேதிகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

வயதைப் பொறுத்தவரை 14 முதல் 18 வரை உள்ளவர்களோடு நடத்தியதுதான் எனக்கு நன்றாக அமைந்தது. அதற்குக் கீழே போனால் செங்கல் தூக்குவதே பாரமாகிவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்' என்று மட்டும் அறிவித்தால் பெண் பிள்ளைகளின் பெயர் ஒன்றிரண்டுதான் வரும். நேரில் போய்க் கூப்பிடுங்கள், வீட்டாரிடமும் பேசுங்கள். நான் பார்த்த மிகச் சிறந்த சுவரைக் கட்டிய இருவரும் பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் முதலில் பெயர் கொடுக்காதவர்கள்.

2. காகித வேலைக்கு எட்டு வாரம்

இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நாள் தள்ளிப்போவதற்கு முதல் காரணமும் இதுதான்.

முதலில் சட்டம். உங்கள் நாட்டில் 18 வயது நிறையாதவர்கள் கட்டுமான இடத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். எங்கே இருந்தாலும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளக் கூடியவை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள். 1973-இல் வந்த 138-ஆம் உடன்படிக்கை ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. முழுப் பாதுகாப்பும் முறையான பயிற்சியும் இருந்தால் 16 வயதிலிருந்து அனுமதிக்கலாம் என்று நாடுகளுக்கு ஓர் இடமும் விட்டிருக்கிறது. பள்ளியிலும் பயிற்சி நிலையத்திலும் படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. எது ஆபத்தான வேலை என்பதற்கு 1999-இல் வந்த 190-ஆம் பரிந்துரையைப் பாருங்கள். ஆபத்தான உயரம், நிலத்தடி, அடைபட்ட இடம், ஆபத்தான இயந்திரம், அதிகப் பாரம் ஆகியவை அதில் வருகின்றன. பயிற்சி நாளில் இந்த ஐந்தும் இருக்கக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். சாரத்தில் ஏற்றுவதில்லை, குழிக்குள் இறக்குவதில்லை, கிரைண்டரைக் கையில் கொடுப்பதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இடம் கொடுப்பவர் நல்ல எண்ணத்தோடே சொல்வார்: "எப்படியும் சுவர் கட்டத்தானே போறாங்க, பின்னாடி இருக்கிற காம்பவுண்ட் சுவரையே கட்டட்டுமே." ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் கட்டியதை யாராவது பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அதன் பெயர் பயிற்சி அல்ல, கூலி இல்லாத வேலை. சட்டமும் அப்படித்தான் பார்க்கும், பெற்றோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அன்று கட்டுவதை அன்றே பிரிக்கப் போகிறோம் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தயாராக இருக்க வேண்டிய காகிதங்கள்:

- இடத்தின் சொந்தக்காரரோ ஒப்பந்ததாரரோ கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். தேதி, நேரம், எண்ணிக்கை, வயது, செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.
- பெற்றோர் ஒப்புதல் படிவம். புகைப்படம் எடுக்கும் ஒப்புதல் இதில் சேராது. அதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள்.
- உடல்நலக் குறிப்பு.
- காப்பீட்டுப் பத்திரமும், கீழே சொல்லும் கேள்விகளுக்கு நிறுவனம் எழுத்தில் கொடுத்த பதிலும்.
- ஆபத்து மதிப்பீடு: ஒவ்வொரு வேலைக்கும் என்ன அடிபடலாம், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம், யார் பொறுப்பு.
- பெரியவர்கள் அத்தனை பேரின் அடையாளச் சான்று நகல். பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம் என்றால் அதுவும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள்.

காப்பீட்டுக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். 18 வயது நிறையாதவர்கள் சேர்வார்களா? கருவியைக் கையில் எடுத்து வேலை செய்வது அடங்குமா, சுற்றிப் பார்ப்பது மட்டுமா? போய் வரும் பயணம் சேருமா? கற்றுத்தர வரும் கொத்தனாருக்கு அடிபட்டால்? "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். நான் வெயிலில் நின்ற இரண்டு மணி நேரம் இந்த ஒரு மின்னஞ்சல் இல்லாததால்தான்.

உடல்நலக் குறிப்பில் 'ஏதாவது நோய் உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றே எழுதி அனுப்புவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். ஆஸ்துமா உண்டா, தோல் அரிப்போ படையோ உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது, முதுகிலோ முழங்காலிலோ அடிபட்டிருக்கிறதா. அதே படிவத்தில் காலணி அளவையும் கையுறை அளவையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏன் என்று 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. செலவு எங்கே போகிறது

செங்கல்லுக்கும் மணலுக்கும்தான் பணம் போகும் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன். தலைகீழாக இருந்தது. முதல் செலவு கொத்தனார்களின் சம்பளம், அடுத்து வண்டி, அதற்கடுத்துப் பாதுகாப்புப் பொருட்கள். பொருள் செலவு கடைசியில்தான் வந்தது, அதுவும் ஒரு முறை வாங்கினால் பல முறை ஓடும்.

கொத்தனாரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். 'பசங்களுக்குத்தானே, ஒரு நாள் சும்மா வாங்க' என்று கேட்பது தவறு. ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார். தொழிலின் மதிப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிற நாளில் அந்தத் தொழிலாளிக்கே சம்பளம் இல்லை என்றால் அது எப்படிச் சரியாகும்? முழு நாள் சம்பளமும், முந்தைய நாள் வந்து இடம் பார்க்கிற அரை நாள் சம்பளமும் கொடுங்கள்.

பன்னிரண்டு பேருக்குப் பொருள் கணக்கு: ஒரு ஜோடிக்கு 30 செங்கல், ஆறு ஜோடிக்கு 180. உடைவதற்கும் வெட்டுவதற்கும் சேர்த்து 200 வாங்குங்கள். களிமண் கலவைக்குச் சலித்த மண்ணும் மணலுமாகக் கால் கன மீட்டர் போதும். ஜோடிக்கு ஒரு கரண்டி, ஒரு ரசமட்டம் (கிடைமட்டம் பார்க்கும் குமிழிக் கருவி), ஒரு தூக்குகுண்டு, ஒரு டேப், நூல், ஒரு சட்டி. கருவிகளைக் கடையில் வாங்காமல் கட்டுமானப் பொருள் கடைக்காரரிடமோ ஒப்பந்ததாரரிடமோ இரவலாகக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ரசமட்டத்தை மட்டும் வாங்கியவுடன் சோதித்துவிடுங்கள். ஒரு மேசையில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி வேறு இடத்தில் நின்றால் அந்த ரசமட்டம் பொய் சொல்கிறது. இரவல் வாங்கிய ஆறில் இரண்டு எனக்கு அப்படி வந்தது.

தற்செயல் செலவுக்கென்று மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிடுங்கள். வண்டி தாமதமானாலும் மழை வந்தாலும் அது போதும்.

4. கற்றுத்தரும் ஆளைத் தேடுவது

சிறந்த கொத்தனார் சிறந்த ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. வேகமாக வேலை செய்கிறவருக்கு அடுத்தவர் தடுமாறுவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், கரண்டியைப் பிடுங்கிவிடுவார். அதனால் முன்கூட்டியே ஒரு சோதனை வைக்கிறேன். கரண்டியைத் தொடாமல், ஒரு செங்கல்லை எப்படி வைப்பது என்று எனக்கு ஐந்து நிமிடம் வாயால் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பேன். நான் தப்பாக வைத்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். "இல்ல, கையைக் கொஞ்சம் சாயுங்க" என்று சொல்கிறவர் கிடைத்துவிட்டால் விடாதீர்கள்.

தொழிலுக்கு வந்து நான்கைந்து வருடம் ஆன இளைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது வயது மேஸ்திரியைப் பிள்ளைகள் மரியாதையோடு பார்ப்பார்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு, வீட்டில் என்ன சொன்னார்கள், மழைக்காலத்தில் வேலை இருக்குமா என்பதையெல்லாம் அந்த இளைஞரிடம்தான் கேட்பார்கள். பெண் மேஸ்திரியோ பெண் பொறியாளரோ கிடைத்தால் பேச வைப்பதோடு நிறுத்தாமல் கற்றுத்தர வையுங்கள்.

அவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டியது: திட்டக் கூடாது, பிள்ளைகளின் கையைப் பிடித்து அழுத்தக் கூடாது, எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

5. என்ன வேலை கொடுப்பது

இரண்டாவது முறை நான் செய்த தவறு வேறு. கொத்து, டைல்ஸ், பெயிண்ட், பிளம்பிங், வயரிங், தச்சு என்று ஆறு மேசை போட்டு, மேசைக்கு இருபது நிமிடம் கொடுத்தேன். பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. ஆனால் யாரும் எதையும் முடிக்கவில்லை. டைல்ஸைக் கையில் எடுத்தவுடன் விசில் அடித்து அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டோம். இப்போது ஒரு நாளில் மூன்று வேலைதான். மூன்றும் முடிய வேண்டும், மூன்றும் சரியா தப்பா என்று பிள்ளைகளே அளந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

*முதல் வேலை: நூல் பிடித்து மூலை எடுப்பது.* தரையில் நான்கு முளை, ஒரு நூல், ஒரு டேப். ஒரு பக்கம் 3 மீட்டர், அடுத்த பக்கம் 4 மீட்டர் அளந்து, குறுக்கே 5 மீட்டர் வரும்வரை நகர்த்தினால் மூலை செங்கோணமாகிவிடும். பிறகு நீள்சதுரத்தை முடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சரி. கணக்குப் பாடத்தில் பார்த்த பிதாகரஸ் தரையில் நூலாகக் கிடப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளின் முகம் மாறும். முக்கால் மணி நேரம் போதும்.

*இரண்டாவது வேலை: சுவர்.* நாளின் பாதி இதற்கு. ஒரு ஜோடிக்கு ஒரு சுவர், அரைக்கல் தடிப்பு (ஒரு கல்லின் அகலம்), ஐந்து கல் நீளம், ஆறு வரிசை. முழங்காலுக்குச் சற்று மேலே வரும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். காயாத கலவையில் நிற்கும் சுவர், சாய்ந்தால் காலில்தான் விழும்.

கலவைக்குச் சிமெண்ட் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். சலித்த களிமண்ணும் மணலும் கலந்து தண்ணீர் விட்டுக் குழைத்த சேறு போதும். கையைப் பொசுக்காது, மாலையில் பிரித்து எடுக்கலாம், கல்லைக் கழுவி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். தப்பாக வைத்த கல்லைப் பத்து முறை எடுத்து வைத்தாலும் கவலையில்லை. சிமெண்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கலவை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எங்கள் கொத்தனார் சொல்வது: கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது, ஒழுகவும் கூடாது. கல்லைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள். காய்ந்த கல் கலவையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

வரிசை இப்படி: முதலில் கலவை இல்லாமல் ஐந்து கல்லையும் நூலை ஒட்டி அடுக்கிப் பார்க்க வேண்டும், நடுவில் ஒரு விரல் இடைவெளி, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். பிறகு இரண்டு ஓரக் கல்லையும் கலவையில் வைத்து ரசமட்டம் பார்க்க வேண்டும். அதன் பிறகே நூல் கட்டி நடுக்கல். இந்த முதல் வரிசைக்கே நாற்பது நிமிடம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். அடியில் வந்த சாய்வு மேலே போகப்போகப் பெரிதாகும் என்பதைக் கையால் தெரிந்துகொள்ளட்டும். இரண்டாவது வரிசை அரைக்கல்லில் தொடங்கும், ஜாயிண்ட் மேல் ஜாயிண்ட் வராமல் இருக்க. அரைக்கல்லை முந்தைய நாளே பெரியவர்கள் வெட்டி வைத்துவிடுங்கள். ஒரு சுவருக்கு ஆறு அரைக்கல்.

மூன்றாவது வரிசை முடிந்ததும் தூக்குகுண்டை எடுத்துக் கொடுங்கள். குண்டும் அதன் கட்டையும் ஒரே அகலம். கட்டையைச் சுவரின் மேல் விளிம்பில் ஒட்டிப் பிடித்தால் கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். குண்டுக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் சுவர் மேலே வெளியே தள்ளியிருக்கிறது. குண்டு சுவரில் இடித்துக்கொண்டு நின்றால் அடிப்பகுதி துருத்தியிருக்கிறது. குண்டு ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். நான் முன்பு சொன்ன அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் ஐந்தாவது வரிசையில் குண்டைப் பிடித்தார்கள். ஒருத்தி மண்டியிட்டு, கன்னம் தரையில் படுமளவு குனிந்து, இடைவெளியை டேப்பில் அளந்தாள். எட்டு மில்லிமீட்டர். கொத்தனார் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு பேரும் மூன்று வரிசையைப் பிரித்துக் கல்லை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மற்ற ஐந்து சுவரும் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவர்கள் எழவில்லை. இரண்டாவது முறை குண்டு சுவரைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றபோது கொத்தனார் தன் கரண்டியைத் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் சொந்தக் கரண்டி. கைப்பிடி தேய்ந்து பளபளத்துப்போன கரண்டி.

*மூன்றாவது வேலை: கான்கிரீட் கட்டி.* சிமெண்டைத் தொடும் ஒரே வேலை இதுதான், அதனால் காலையில் கவனம் சிதறாதபோதே முடித்துவிடுங்கள். 15 சென்டிமீட்டர் கன சதுர அச்சு ஆறு இருந்தால் போதும், எந்தக் கட்டுமானச் சோதனைக் கூடத்திலும் இருக்கும். மூன்று ஜோடி சரியான அளவு தண்ணீர் விட்டும், மூன்று ஜோடி வேண்டுமென்றே அதிகத் தண்ணீர் விட்டும் போடட்டும். தண்ணீர் அதிகமானால் கலவை சுலபமாக ஓடும், வேலை எளிது, பார்க்கவும் நன்றாக இருக்கும். என்ன விலை கொடுத்தோம் என்பது 28-ஆம் நாள் சோதனைக் கூடத்தில் கட்டியை உடைக்கும்போது தெரியும். அச்சு நிறைந்தால் ஒரு கட்டி ஏறத்தாழ 8 கிலோ வரும், தூக்குவது பெரியவர்கள் வேலை. அடுத்த நாள் யாராவது போய் அச்சைப் பிரித்துக் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். அந்த ஆள் யார் என்பதை முன்பே எழுதி வையுங்கள். நான் ஒரு முறை மறந்து, நான்கு நாள் வெயிலில் கிடந்த கட்டிகளை வைத்து எதையும் காட்ட முடியாமல் போனது.

6. அடிபடாமல் பார்த்துக்கொள்வது

சிமெண்டைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், அதன் பி.எச். 12-க்கும் மேல். தோலில் பட்டவுடன் எரியாது, அதனால்தான் ஆபத்து. என் மூன்றாவது முகாமில் ஒரு பையன் ஈரக் கலவை சிந்திய இடத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டான். துணி நனைந்திருந்தது, அவனுக்கு வலிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை. இரவில்தான் தோல் உரிந்து புண்ணானது. அவன் அம்மா போன் செய்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து சுவர் வேலையில் சிமெண்ட் இல்லை. கட்டி போடும் வேலையிலும் நீர் புகாத கையுறை, முழுக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டே வர முடியாது. நனைந்த துணியை உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இருபது நிமிடமாவது தண்ணீர் விட்டுக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் இந்த வேலையை வைக்காதீர்கள்.

காலணியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெல்மெட்டை இறுக்கி யாருக்கும் பொருத்தலாம், காலணியை முடியாது. பெரிய அளவுப் பாதுகாப்புக் காலணியைப் போட்ட பிள்ளை தடுக்கி விழும். பெரிய கையுறை போட்டால் செங்கல் நழுவும். அளவை முன்பே வாங்கச் சொன்னது இதற்குத்தான். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் சின்ன அளவுகள் கிடைக்கும். ஹெல்மெட்டுக்குள் தயாரித்த தேதி பொறித்திருக்கும், காலாவதியானதையும் விரிசல் விட்டதையும் ஒதுக்குங்கள்.

கல் வெட்டுவதையும் துளை போடுவதையும் பிள்ளைகள் இருக்கும்போது செய்யாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, வருடங்கள் கழித்துத் தொந்தரவு கொடுக்கும். தரையைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு செங்கல்லுக்கு மேல் தூக்க வேண்டாம், முழங்காலை மடக்கித்தான் தூக்க வேண்டும். நீண்ட முடியைக் கட்டிவிட வேண்டும், தொங்கும் துணி கூடாது. முதலுதவி தெரிந்த ஒருவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

7. அன்றைய நாள்

எட்டு மணிக்குக் கருவிகள் அடுக்கப்பட்டிருக்க வேண்டும், எட்டரைக்குப் பிள்ளைகள். பாதுகாப்புப் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை கான்கிரீட் கட்டி, பிறகு கை கால் கழுவி உடை மாற்றம், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நூலும் மூலையும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றிலிருந்து நான்கு வரை சுவர். சிலர் முடிக்காமல் சாப்பிட வரமாட்டார்கள் என்று தெரிந்தால் சுவரைச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடலாம், நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன். எப்படி இருந்தாலும் கடைசி முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரைப் பிரிப்பது, கல்லைக் கழுவி அடுக்குவது, கரண்டியைத் துடைத்து வைப்பது எல்லாம் அதில்தான். சைட்டில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைக் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் அவர்கள் சுவரோடு படம் எடுத்துவிடுங்கள். ஒப்புதல் கொடுத்தவர்களை மட்டும்.

மழைக்கு மாற்றுத் தேதி ஒன்றை முதல் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனை கையெழுத்தையும் மறுபடி வாங்க வேண்டிவரும்.

8. சைட்டைச் சுற்றிக் காட்டுவது

பயிற்சி நாளுக்குப் பிறகு, முன்பு வேண்டாம். கையில் கரண்டி பிடித்தவர்களுக்குத்தான் சைட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியும். கான்கிரீட் போடும் நாளும் கிரேன் தூக்கும் நாளும் தவிர்த்து, ஒரு மணி நேரம் போதும். கொத்தனாரோடு நிறுத்தாமல் கம்பி கட்டுகிறவர், கான்கிரீட்டுக்குப் பலகை அச்சு அடிக்கும் சென்ட்ரிங் தச்சர், சர்வேயர், அளவுக் கணக்கு போடுகிறவர், பாதுகாப்பு அதிகாரி என ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் சந்திக்க வையுங்கள். 'இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், எத்தனை வருடம் ஆனது' என்ற ஒரு கேள்வியைப் பிள்ளைகளே கேட்கட்டும்.

9. இருபத்தெட்டாம் நாள்

கான்கிரீட்டின் பலத்தை வழக்கமாக 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதிப்பார்கள். 28-ஆம் நாளுக்குச் சோதனைக் கூடத்தில் நேரம் வாங்கி வையுங்கள், பயிற்சி நாளைக் குறிக்கும்போதே அது வார நாளில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தாங்கள் போட்ட கட்டி இயந்திரத்தில் நசுங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். தண்ணீர் அதிகம் விட்ட கட்டி முன்னதாகவே நொறுங்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம், கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்வம் நிலைத்திருப்பவர்கள் யார் என்பது அன்றுதான் தெரியும். ஒரு நாள் உற்சாகம் இந்த நான்கு வாரத்தில் வடிந்துபோயிருக்கும். ஆர்வம் வடியாதவர்களுக்கு ஒரு தாள் தயாராக வைத்திருங்கள். பக்கத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையம், அப்ரெண்டிஸ் எடுக்கும் நிறுவனங்கள், டிப்ளமோ படிப்புகள், சேரும் வயது, தேவையான மதிப்பெண், விண்ணப்பிக்கும் மாதம், உதவித்தொகை ஆகியவை அதில் இருக்கட்டும். மாதத்தை எழுத மறக்காதீர்கள். கடைசித் தேதி போன மாதமே முடிந்துவிட்டது என்று ஒரு பையன் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். செங்கல் கட்டு, டைல்ஸ், தச்சு, பிளம்பிங் எல்லாவற்றுக்கும் வேர்ல்டுஸ்கில்ஸ் என்ற உலகப் போட்டி இருக்கிறது, பெரும்பாலான பிரிவுகளில் போட்டியாளர் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். அந்தத் தகவலையும் தாளில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் காட்ட அவர்களுக்கு உதவும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள். அதில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் எழுதாமல் செய்ததை எழுதுங்கள்: ஐந்து கல் நீளம், ஆறு வரிசை, தூக்குகுண்டில் இத்தனை மில்லிமீட்டர் விலகல். கொத்தனாரும் கையெழுத்துப் போடட்டும். கொத்தனாரின் கரண்டியை வாங்கிய அந்தப் பெண்ணின் சான்றிதழில் விலகல் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கீழே எங்கள் கொத்தனார் கையெழுத்திட்டார். அந்தச் சான்றிதழின் நகலை இணைத்துத்தான் அவள் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.